மிதுனா வாசிக்கப்போகிற விளம்பரம்

ஜனவரி 27

மிதுனாவின் ரீச்சர் வீட்டுப்பாடம் தந்திருக்கிறா. மிதுனாவுக்கு அல்ல, எனக்கு.

வீட்டில் யாராவது ஒரு பெரிய ஆள் பெப்ரவரி முடியும் வரை நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். எந்த மொழியிலும் எழுதலாம், எவ்வளவு பிழையும் விடலாம், ஒருவரும் திருத்த மாட்டார்களாம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வீட்டுப்பாடம்.

"அப்பாட்டைக் குடு" என்றேன்.

"அப்பா கடைச் சாமான் எழுதச் சொன்னாலே மூண்டாவதோடை நித்திரையாப் போவார்" என்றாள் மிதுனா.

"எனக்குக் காது கேக்குது" என்று சோபாவில் இருந்து இவர் சொன்னார்.

ஏன் எழுத வேண்டும் என்றதற்கு மிதுனா காரணம் சொன்னாள். பெப்ரவரி இங்கே கனடாவில் கறுப்பின மக்களின் வரலாற்று மாதம். முந்தி அடிமையாய் இருந்தவர்கள் தாங்களே எழுதிவைத்தது மிகக் கொஞ்சமாம். அவர்களை வைத்திருந்தவர்கள் எழுதியதுதான் கூடுதலாய் மிஞ்சி இருக்கிறதாம். "அதாலை சாதாரண ஆக்கள் எல்லாரும் எழுதவேணும் எண்டு மிஸ் சொல்லுறா."

"சாதாரண ஆளோ? ஸ்கார்பரோவிலை பாதிப் பொம்பிளையளின்ர புருவம் என்ர கையிலைதான் இருக்கு எண்டு உன்ர மிஸ்ஸிட்டைச் சொல்லு."

என் பெயர் யோகமலர். பிளாசாவில் மலர் அழகு நிலையம் என்னுடையது. கல்யாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் முகம் நான்தான் போடுவேன். மிதுனா எனக்கு நாற்பத்திரண்டில் பிறந்தவள். அன்றைக்கு டொக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தக் கொப்பி காணாது.

ஜனவரி 29

பாரிசில் இருக்கிற தங்கச்சியோடு போனில் கதைக்கும்போது, "பிள்ளைக்கு இந்த வருசம் காப்பிலி ரீச்சர்" என்று சொன்னேன். மிதுனா பக்கத்தில் நின்றவள் போனைப் பறித்து வைத்துவிட்டாள்.

"கறுப்பு ஆக்களை அப்பிடிச் சொல்லக்கூடாது அம்மா."

"எங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுறதுதானே."

"வந்த புதிசிலை சப்வேயிலை ஒருத்தன் உங்களை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டவன் எண்டு சொன்னீங்கள்தானே. அவனும் அவங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுறதைத்தான் சொல்லியிருப்பான்."

பத்து வயது. வாய் மட்டும் என்னைப் போல. நிறமும் மூக்கும் தகப்பன் வீட்டுப் பக்கம்.

ஜனவரி 30

ரீச்சரைப் பார்த்தேன். மிஸ் டிக்ஸன். நல்ல உயரம், சிரித்தால் ஒரு பல் மேலே ஏறி நிற்கும், வடிவு. அவ சொன்னது எல்லாம் இங்கிலிசில். நான் எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன், அது அவவுக்கும் பொருந்துகிறது.

"நீங்கள் எந்த நாடு? எப்ப கனடா வந்தனீங்கள்?" என்று கேட்டேன். எங்களுக்கு யாரைக் கண்டாலும் முதல் கேள்வி அதுதானே.

"எங்கட ஆக்கள் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து இருநூறு வருசத்துக்கு மேலை" என்றா. "நீங்கள்?"

"நான் தொண்ணூற்றாறு."

"அப்ப நான்தான் உங்களை வரவேற்கவேணும்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினா. மிதுனா வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவவைப் பிடித்துப் போய்விட்டது.

பெப்ரவரி 1

சனி. நடன வகுப்பின் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை. இருபது பிள்ளைகளுக்கும் முகம் நான்தான். மிதுனா வழமைபோலப் பின் வரிசை. உயரமான பிள்ளை, முன்னுக்கு விட்டால் மற்றப் பிள்ளைகளை மறைத்துப்போடும் என்று நடன ரீச்சர் சொன்னவ. சரிதானே. மிதுனாவுக்குப் பான்கேக் பூச்சுப் போடும்போது மட்டும் நான் இரண்டு நிறம் வெளுப்பாய்ப் போடுவேன், மேடை வெளிச்சத்தில் எடுக்கும்.

பெப்ரவரி 3

இன்று மிதுனா பஸ்ஸால் இறங்கி ஓடி வந்தாள். பனியில் ஓடாதே என்று கத்தினேன், கேட்கவில்லை.

இந்த நாட்டிலும் அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்திருந்தார்களாம். எனக்கு அது தெரியாது. கனடா என்றால் அவர்கள் தப்பி ஓடிவந்து சேர்ந்த இடம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கேயிருந்தும் ஓடினார்களாம். ஓடினவர்களைப் பிடித்துத் தரச்சொல்லி வைத்திருந்தவர்கள் பேப்பரில் விளம்பரம் போடுவார்களாம். எங்கள் ஆட்கள் தொலைந்த நகைக்குப் போடுவது போல.

மிஸ் டிக்ஸன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விளம்பரம் கொடுத்திருக்கிறா. மாதக் கடைசியில் பெற்றோருக்கு முன்னால் மேடையில் நின்று அதை வாசிக்க வேண்டும். பிறகு, விளம்பரம் சொல்லாமல் விட்டது என்ன என்று தாங்களாக எழுதியதையும் வாசிக்க வேண்டும்.

"நான்தான் முதலாவது அம்மா. நடுவிலை நிண்டு. மைக்கிலை. தனிய."

இதை எனக்கு ஒரு தரம், தகப்பனுக்கு இரண்டு தரம், பாரிசுக்கு ஒரு தரம் சொன்னாள். பிறகு கண்ணாடிக்கும் சொன்னது கேட்டது.

பெப்ரவரி 5

மிதுனாவின் விளம்பரத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு பெண், முப்பது வயது இருக்கும், மிகவும் கறுத்தவள், பிரெஞ்சும் இங்கிலிசும் நன்றாய்ப் பேசுவாள், நீலச் சட்டை, ஒரு செப்புப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள், பிடித்துத் தருகிறவருக்குச் சன்மானம்.

"ஏன் அம்மா பாத்திரத்தை எடுத்தவ? பாரம்தானே."

"ஓடுற நேரத்திலை மூளை வேலை செய்யாது பிள்ளை. தொண்ணூற்றஞ்சிலை சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு இடம்பெயரேக்கை நான் எதைத் தூக்கினனான் தெரியுமோ? அம்மியை. அது அசையேல்லை. என்ர அப்பு, உன்ர தாத்தா, வந்து என்னை இழுத்துக்கொண்டு போனவர்."

"அம்மி எண்டால் அந்தக் கல்லா?"

"கல்லுத்தான். அதிலைதான் நாங்கள் சம்பல் அரைக்கிறது."

மிதுனா சிரித்துச் சிரித்துப் பிறகு நிறுத்திவிட்டாள். "அப்பு அழுதவரா?" என்று கேட்டாள். புட்டு ஆறுது, சாப்பிடு என்றேன்.

பெப்ரவரி 8

இரண்டு கல்யாணம். இடுப்பு இல்லை.

பெப்ரவரி 11

பக்கத்துக் கடை மார்வாவின் மகள் ஜனேலும் மிதுனாவின் வகுப்புத்தான். மார்வா ஜமேக்காக்காரி, தலை பின்னுகிற கடை. ஏழு வருடமாய் என் வடையில் பாதி அவவின் வயிற்றில்தான். கேட்டு எடுக்கிற வழக்கமும் இல்லை. நான் அவவின் கடைக் கதிரையில் இருந்து என் பெடிக்கியூரை அவவைக்கொண்டே செய்விப்பேன். காசு என்ற பேச்சு இல்லை.

இன்று பிள்ளைகளை எடுக்கப் போனபோது மிஸ் டிக்ஸனிடம் சொன்னேன். "வியாழக்கிழமை ஒத்திகைக்கு நான் மிதுனாவுக்கு முகம் போட்டு விடுறன். அதுதான் என்ர தொழில்."

"வேண்டாம், நன்றி. பிள்ளையள் தங்கட உடுப்போடை, தங்கட முகத்தோடை நிக்கட்டும்."

"எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"உண்மையாத்தான், வேண்டாம்" என்று சிரித்தா.

பாவம், என்னைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று நினைக்கிறா. எங்கள் வீட்டுக்கு வருகிற ஆட்களும் தேத்தண்ணி என்றால் வேண்டாம், வேண்டாம் என்றுதான் சொல்லுவார்கள். இரண்டு வேண்டாம் மரியாதைக்கு. மூன்றாம் தரம் கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் இரண்டு கரண்டி சீனியோடு குடிப்பார்கள். நான் மூன்றாம் தரம் கேட்கவில்லை.

பெப்ரவரி 13

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

ஒத்திகைக்கு உதவ வருகிற பெற்றோர் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குள் போனேன். மிதுனாவை வாஷ்ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தேன். மிகவும் கறுத்தவள் என்று விளம்பரத்தில் இருக்கிறது. மிதுனா கறுப்புத்தான், ஆனால் மேடை வெளிச்சத்துக்குக் காணாது. கூத்தில் அசுரனுக்குப் பூசுகிற கறுப்பை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து நெற்றியில் இருந்து கழுத்துவரை ஒரு சீராய்ப் பூசினேன். பொய் சொல்லவில்லை, வேலை நன்றாக வந்தது. வழமையாக, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று பிராணனை வாங்குகிறவள் இன்று ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு ஆசை என்று நினைத்தேன்.

மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன். சத்தம் நின்றது. எனக்கு முதலில் விளங்கவில்லை, என் வேலையைப் பார்த்து அசந்துபோனார்கள் என்றுதான் நினைத்தேன். மார்வா அங்கே கதிரை அடுக்கிக்கொண்டு நின்றவ. என்னைப் பார்த்தா. பிறகு ஜனேலின் கோட்டை எடுத்துக்கொண்டு, "வா, வீட்டை போவம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டா.

மிஸ் டிக்ஸன் வந்து மிதுனாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தா. "உன்னிலை ஒரு பிழையும் இல்லை. வா, முகம் கழுவுவம்" என்று தானே கூட்டிக்கொண்டு போனா.

பிறகு என்னை ஆசிரியர் அறையில் இருத்திக் கதைத்தா. கோபப்பட்டிருந்தால் நான் பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். அவ கோபப்படவில்லை. நூறு வருடத்துக்கு மேலாய் வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்பைப் பூசிக்கொண்டு மேடை ஏறி, கறுப்பு மக்களை முட்டாள்களாய், கோமாளிகளாய் நடித்துக் காட்டினார்களாம். சனம் டிக்கெட் வாங்கிப் பார்த்துச் சிரித்ததாம். இந்த நாட்டிலும்தானாம். பக்கத்துக் கோயில் மண்டபம் மாதிரி ஊர் மண்டபங்களில்.

"என்ர அம்மம்மா சின்னப் பிள்ளையிலை அப்பிடி ஒண்டைக் கண்டவ" என்றா. "கடைசி வரைக்கும் எந்த மேடைக்கும் முன்னாலை போய் இருந்ததில்லை."

"நான் அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை, மிஸ்."

"தெரியும். அதாலைதான் இருத்தி வைச்சுக் கதைக்கிறன்."

வரும்போது மிதுனா பின் சீற்றில் இருந்தாள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருந்தது.

பெப்ரவரி 14

மூன்று மணப்பெண்கள். மூன்றாமவளின் தாய், "கொஞ்சம் வெள்ளையா எடுத்து விடுங்கோ அக்கா" என்றா. எடுத்து விட்டேன்.

பெப்ரவரி 15

பிரின்சிப்பலிடமிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஈமெயில். மிதுனாதான் வாசித்துச் சொன்னாள். நடந்த சம்பவத்துக்கு வருந்துகிறார்களாம். விளம்பர வாசிப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மேளக் கச்சேரியும் சாப்பாட்டு மேசையும் வைக்கலாமா என்று வியாழக்கிழமை கூட்டத்தில் கதைப்பார்களாம்.

"என்னாலை எல்லாருக்கும் போச்சு" என்றாள்.

"உன்னாலை இல்லை. என்னாலை."

"ஓம்" என்றாள். ஒரு பேச்சுக்காவது மறுத்துச் சொல்லுவாள் என்று பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். நான் இடியப்பம் பிழிந்துகொண்டு நின்றேன்.

"டான்ஸுக்கு ஏன் என்னைப் பின்னுக்கு விடுறவை?"

"உயரம் எண்டுதானே."

"சானுகா என்னைவிட உயரம். அவள் முன்னுக்கு."

நான் உரலில் மா அடைத்தேன்.

"டான்ஸுக்கு நீங்கள் எனக்கு வெள்ளை பூசுவீங்கள். இது கறுப்பு ஆளின்ர கதை, இதுக்கு ஒண்டும் பூசத் தேவையில்லை எண்டு நினைச்சன். அதுக்கும் கறுப்புப் பூசினீங்கள்." குரல் உடையவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "என்ர முகம் ஒண்டுக்கும் சரிவராதா அம்மா?"

இடியப்பம் முழுக்க ஒரே தட்டில் பிழிந்திருக்கிறேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, மலையா?" என்று கேட்டார்.

பெப்ரவரி 16

ஞாயிறு. பனி முழங்கால் அளவு. இவர் வழித்தார், நான் உப்புப் போட்டேன். மிதுனா வெளியே வரவில்லை.

பெப்ரவரி 18

வடை சுட்டுக்கொண்டு மார்வாவின் கடைக்குப் போனேன். ஒரு பெட்டையின் தலையைப் பின்னிக்கொண்டு நின்றவ நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வடை" என்றேன்.

"வேண்டாம்."

ஏழு வருடத்தில் முதல் வேண்டாம். நான் இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று படித்துக்கொண்டவள். பெட்டியை மூடிக்கொண்டு திரும்பினேன்.

"எங்கை கொண்டு போறாய்? வை அதை."

"நீதானே வேண்டாம் எண்டாய்."

"கோவத்திலை சொன்னன்."

"எந்த வேண்டாம் மரியாதை வேண்டாம், எந்த வேண்டாம் கோவ வேண்டாம், எந்த வேண்டாம் உண்மை வேண்டாம் எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"கேள். வாயைத் திறந்து கேள். ஊர்க்கதை எல்லாத்துக்கும் திறக்கிறாய்தானே." பின்னலை விடவில்லை. "அண்டைக்கு என்னட்டை ஒரு சொல் கேட்டிருந்தால் உன்னை வாசலிலையே பிடிச்சு நிப்பாட்டியிருப்பன். ஏழு வருசமாப் பக்கத்துக் கடை."

"கேட்டிருக்கவேணும்" என்றேன்.

அந்தப் பெட்டை எழும்பிப் போனதும் மிதுனா கேட்டதைச் சொன்னேன். சொல்லும்போது சிரிப்பாய்ச் சொல்லத்தான் பார்த்தேன், சரியாக வரவில்லை. மார்வா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா.

"சின்னனிலை என்ர மூக்கு ஒடுங்கவேணும் எண்டு என்ர அம்மா உடுப்புக் காயப்போடுற கிளிப்பை மாட்டிவிடுவா. வாயாலை மூச்சு விட்டுக்கொண்டு இருப்பன்."

"வேலை செய்ததோ?"

"பார்" என்று மூக்கைத் திருப்பிக் காட்டினா.

"ஒரு கிளிப் காணாது. ரெண்டு மாட்டியிருக்கவேணும்."

அடிக்கக் கை ஓங்கினா. பிறகு சிரித்தா. சுவரில் இருந்த வெள்ளையாக்கிற கிரீம் தட்டைக் காட்டி, "இதை நானும் விக்கிறன், நீயும் விக்கிறாய்" என்றா. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு வடை சாப்பிட்டோம்.

பெப்ரவரி 20

கூட்டம். பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் எங்களை இருத்தியிருந்தார்கள். இருந்துவிட்டேன், எழும்புவது எப்படி என்பது பிறகு பார்க்கவேண்டிய விசயம்.

பிரின்சிப்பல் நல்ல மனிதர், சத்தத்துக்குப் பயம். ஒருவரின் மனமும் நோகாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார். மேளம், சாப்பாடு, எல்லாருக்கும் சந்தோசம். ஒரு தகப்பன் எழும்பி, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிக் கவலையான கதை எதற்கு என்று கேட்டார். எங்கள் தமிழ்த் தாய் ஒருத்தி, "இது எங்கட பிள்ளையளின்ர கதையும் இல்லையே" என்று மெல்லச் சொன்னா.

மிஸ் டிக்ஸன் எழும்பினா. "நான் இந்த நாட்டிலைதான் படிச்சனான். என்ர ஆக்களைப் பற்றி எனக்குப் பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்தது ஒரு பக்கம். அதிலையும் பாதி படம். பிள்ளையள் உண்மைக்குப் பயப்பிடுறதில்லை, அதுகள் கேள்வி கேக்குங்கள். பயப்பிடுறது நாங்கள்தான்."

பிரின்சிப்பல் கடதாசியை அடுக்கினார். முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

நான் கையைத் தூக்கினேன். எழும்பப் பார்த்தேன், கதிரையும் சேர்ந்து எழும்பியது. மார்வா பின்னால் இழுத்து எடுத்தா. கொஞ்சப் பேர் சிரித்தார்கள், எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று.

என் இங்கிலிசில் சொன்னேன். "கறுப்புப் பூசினது நான். ரீச்சர் இல்லை. ரீச்சர் வேண்டாம் எண்டு ரெண்டு தரம் சொன்னவ. நான் ஏன் செய்தனான்? எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை. நீங்கள் இப்ப என்ன செய்யப்போறீங்கள்? தெரியாத ஒருத்தி பிழை விட்டதுக்காகப் படிப்பிக்கிறதை நிப்பாட்டப்போறீங்கள். இந்த வகுப்பிலை இருபத்தெட்டுப் பிள்ளையள். இண்டைக்கு நிப்பாட்டுங்கோ, பிறகு உங்களுக்கு இருபத்தெட்டு யோகமலர் வருவினம். ஒண்டையே நீங்கள் சமாளிக்க ஏலாமல் நிக்கிறீங்கள்."

நடுவில் இரண்டு சொல் வராமல் நின்றபோது மார்வா எடுத்துக்கொடுத்தா. முடிந்ததும் மார்வா எழும்பி, "அண்டைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வெளிய போனது நான். இந்த வாசிப்பு வேணும் எண்டு கேக்கிறதும் நான்தான்" என்றா. மேளத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

வாசிப்பு நடக்கிறது. மாதக் கடைசி புதன்கிழமை.

பெப்ரவரி 21

நேற்றிரவு கூட்டத்தால் வந்து, வாசிப்பு நடக்கிறது என்று சந்தோசமாய்ச் சொன்னேன். மிதுனா கொப்பியில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"நடக்கட்டும். நான் வாசிக்கமாட்டன்."

"இது எந்த மாட்டன்? கோவ மாட்டனா, உண்மை மாட்டனா?"

"உண்மை மாட்டன்."

மூன்றாம் தரம் கேட்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெப்ரவரி 22

நடன ரீச்சருக்குப் போன் செய்தேன். மிதுனாவை ஏன் பின்னுக்கு விடுகிறீர்கள் என்று கேட்டேன். "உயரம்" என்றா. சானுகாவைச் சொன்னேன். போனைக் காது மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, நீங்கள்தானே முதலிலை சொன்னனீங்கள், வீடியோவுக்கு முன்னுக்கு வடிவான நிறமா இருந்தால் நல்லது எண்டு" என்றா.

கறிக்கு உப்புக் கூடிவிட்டது.

பெப்ரவரி 24

கடையில் புருவம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மிதுனா வந்து வாடிக்கைக்காரியின் காலடியில் நின்றாள்.

"மிஸ் என்ர இடத்தை ஒருத்தருக்கும் குடுக்கேல்லையாம். நான் விரும்பினால் வரலாமாம்."

"ம்."

"வாசிக்கிறன். ஆனால் நீங்கள் ஒண்டும் பூசக்கூடாது."

"பவுடர்?"

"அம்மா."

"வாசலின்? குளிருக்கு உதடு வெடிக்கும்."

யோசித்தாள். "வாசலின் நானே பூசுவன்" என்றாள்.

கதிரையில் இருந்த பொம்பிளைக்கு ஒரு புருவம்தான் முடிந்திருந்தது. மற்றதை மறந்து கண்ணாடியைக் காட்டப் போய்விட்டேன்.

பெப்ரவரி 26

இவர் கோட் சூட் போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணம் என்று நினைத்தாரோ தெரியாது. மார்வாவும் நானும் இவரும் முன் வரிசை. மிஸ் டிக்ஸன் முன் வரிசையில் இருக்கவில்லை, ஓரமாய்ச் சுவரோடு நின்றா.

மிதுனா முதலாவது. பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற மஞ்சள் ஸ்வெட்டர், ஜீன்ஸ். மைக் உயரம், தானே இறக்கிக்கொண்டாள். நான் ஆயிரம் முகத்தை மேடைக்கு அனுப்பியிருக்கிறேன். இவளை இப்படி மேடை வெளிச்சத்தில் நான் பார்த்ததில்லை. இவளுக்கு இடது கன்னத்தில் சிரிக்காமலே விழுகிற ஒரு குழி இருக்கிறது. அதை எப்போதும் நிரப்பித்தான் விட்டிருக்கிறேன்.

விளம்பரத்தை வாசித்தாள். முப்பது வயது, மிகவும் கறுத்தவள், இரண்டு மொழி, நீலச் சட்டை. கடதாசியை மடித்தாள். பிறகு தன்னுடையதை வாசித்தாள். இங்கிலிசில்தான், பாதி எனக்கே விளங்கியது, மற்றதை மார்வா லேசான இங்கிலிசில் காதில் சொன்னா.

"இதை எழுதினவர் இவவின்ர நிறத்தை எழுதினது, பிடிக்கிற ஆக்களுக்கு அடையாளம் தெரியவேணும் எண்டு. அவருக்கு அந்த முகத்திலை தெரிஞ்சது அவ்வளவுதான். இவவுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா. அவ அந்த முகத்தைப் பாக்கேக்கை என்ன கண்டவ எண்டு விளம்பரத்திலை இல்லை. ஒருத்தரும் அவவைக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் இது வேறை மாதிரி எழுதப்பட்டிருக்கும்."

எல்லாரும் கை தட்டினார்கள். மார்வா என் கையைப் பிடித்திருந்தபடியால் என்னால் தட்ட முடியவில்லை. மண்டபத்தில் ஹீற்றர் சரியில்லை, எனக்கு மூக்கு ஒழுகியது. இவருக்கும் ஒழுகியது.

அடுத்து ஜனேல், பிறகு மற்றப் பிள்ளைகள். எல்லாருடையதும் நன்றாய் இருந்தது. மிஸ் டிக்ஸன் கடைசிப் பிள்ளை முடிக்கும்போது சுவரை விட்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தா. முன் வரிசையில். நான் வாசலின் சின்ன டப்பாவை நீட்டினேன். வேண்டாம் என்றா. சரி என்று பையில் வைத்தேன். அவ சிரித்துவிட்டுக் கையை நீட்டினா.

வீட்டுக்கு வந்ததும், எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் செய்கிற மாதிரி, பஞ்சையும் தேங்காயெண்ணெயையும் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில் இருந்தேன். மிதுனாவும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். எண்ணெயைத் தொட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. துடைக்க ஒன்றும் இல்லை.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. களைப்பு. நான் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு இருந்தேன்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"பாக்கிறன்."

"என்னத்தை?"

"உன்னை. பொறு, இன்னும் முடியேல்லை."

முகத்தை நீட்டியபடியே இருந்தாள்.